பேரல் வண்டியும் மஞ்சள் குண்டும்

ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று சொல்லிக்கொண்டு அலைவது இன்னொரு வேலை. செருப்பு தேய்வது இரண்டாவதில்தான்.

என் பெயர் புஷ்பா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், ஒரு வாடகை ஷெட்டில் நானும் என் வீட்டுக்காரர் தேவராஜும் பேரல் தூக்கும் வண்டி செய்கிறோம். எதையாவது புதுசாகச் செய்துவிட்டு, அதை ஊருக்குக் காட்டுவதா மறைப்பதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, வாருங்கள், சேர்ந்தே முழிப்போம்.

கட்டைவிரல்

முன்பு நான் ஒரு பெயின்ட் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். இருநூறு லிட்டர் பேரலைச் சாய்த்து நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் சாய்க்கணும், இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கணும். ஒரு நாள் நான் சாய்த்தேன். தாங்கிப் பிடித்த ஆளுக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்த ஒரு தும்மலில் என் இடது கால் கட்டைவிரல் நகம் போனது, இன்று வரை முளைக்கவில்லை. ஷூ போடாமல் செருப்போடு போனது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வலியைவிட ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. கனம் கூடினால் மனுஷன் பிடி தளருகிறது. கனம் கூடக் கூட இறுகுகிற பிடி ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

தேவராஜ் வெல்டர். அவரிடம் கேட்டேன். "தெரியலயே" என்றார். அவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் சோறு இறங்காது. ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதிலேயே போனது. கடைசியில் வண்டியின் கழுத்துக்குள்ளே ஒரு சின்ன இரும்புப் பல் வைத்தார். பேரல் எவ்வளவு கனமோ, அந்தப் பல் அதன் விளிம்பை அவ்வளவு அழுத்தமாகக் கவ்வும். பக்கவாட்டில் ஒரு லீவர். ஒரே ஆள் இழுத்தால் பேரல் தரையை விட்டு எழும்பும். அது கவ்வின வாரமே அவரும் வேலையை விட்டார், என்னையும் விடச் சொன்னார். இனி இந்த வண்டி எங்களுடையது என்று நிலைத்தால்தான் பிழைப்பு. வேறு எவனாவது இதையே செய்து விற்றால், அவர் மறுபடி காண்ட்ராக்ட் லேபர், நான் மறுபடி ஸ்டோர்ஸ்.

என்கூட வேலை பார்த்த கஸ்தூரியை ஷெட்டுக்கு வரவழைத்து முதன்முதலாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டவில்லை. நிறைந்த பேரலை ஒரு கையால் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தாள். "இத்த மின்னாடியே செஞ்சிருந்தா ஒன் வெரலு தப்பிச்சிருக்குமேடி!"

போர்வை

யாரோ ஒருத்தர் சொன்னார், பேட்டன்ட்டுக்கு விண்ணப்பம் போடும்வரை யாருக்கும் காட்டாதே என்று. இன்னொருத்தர் சொன்னார், காட்டாவிட்டால் எவன் வாங்குவான் என்று. இரண்டும் நியாயமாகவே பட்டது. அதனால் நான் இரண்டையும் செய்தேன். வண்டிக்குத் தலையோடு கால் போர்வை போர்த்தி, குட்டியானை வேனில் ஏற்றி, கம்பெனி கம்பெனியாகப் போனேன்.

ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர் நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். நானும் வண்டி எவ்வளவு தூக்கும், எத்தனை பேர் செய்கிற வேலையைச் செய்யும் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டினேன். "சரி, போர்வையை எடுங்க" என்றார். மாட்டேன் என்றேன். "ஒரு ஓரமாவது?" மாட்டேன் என்றேன். அவர் போர்வையைச் சுற்றி ஒரு முறை நடந்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "மூடி வெச்சே வியாபாரம் பண்றதுக்கு இது இன்னா பிரியாணி அண்டாவாம்மா?"

நல்ல நாள்

விண்ணப்பம் போடச் சென்னையில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் மேடத்தைப் பிடித்தோம். உடனே வரச் சொன்னார். தேவராஜ்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆயுத பூஜை வருது. பூஜையை முடிச்சிட்டு, விஜயதசமியில தொடங்கினா ஜம்முனு போவும்" என்றார். நானும் தலையாட்டினேன். தொழில் செய்கிறவள், நல்ல நாளை வேண்டாம் என்று சொல்ல நாக்கு வருமா?

பூஜை அன்றைக்கு ஷெட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, வெல்டிங் மிஷினுக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்தோம். புது வண்டியை மட்டும் போர்வைக்குள்ளேயே வைத்துக் கும்பிட முடியுமா? சாமி எதைப் பார்த்து ஆசீர்வாதம் பண்ணும்? எடுத்துவிட்டோம். முன்தகட்டில் விபூதிப் பட்டை போட்டார் தேவராஜ். கழுத்தில் பெரிய சாமந்தி மாலை. லீவர் நுனியை இன்னும் ராவாமல் கூராகவே விட்டிருந்தார், கண்ணு படக் கூடாதென்று அதில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தோம்.

பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுகிற யேசுபாதம் அண்ணன் வருஷா வருஷம் எங்கள் பொரிகடலைக்குத் தவறாமல் வருவார், நாங்கள் அவருடைய கிறிஸ்துமஸ் கேக்குக்குப் போவது மாதிரி. பொரியை மென்றுகொண்டே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். போட்டோதான் எடுக்கிறார் என்று நானும் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் பூரிப்போடு வந்தார். "வீடியோவா எடுத்து எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன் தங்கச்சி, எல்லாரும் கும்புடு போட்டுக்கினே கீறாங்க!"

மாலை

விஜயதசமிக்கு ஏஜென்ட் மேடம் ஆபீஸ் லீவு, மறுநாள்தான் அவர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இதுவரைக்கும் வெளியில யாருக்காவது காட்டினீங்களா?" நான் பெருமையாகப் போர்வைக் கதையைச் சொன்னேன். தேவராஜ் உண்மை விளம்பி. "பூஜை வீடியோ மட்டும் ஒண்ணு சுத்திக்கினு கீது மேடம்" என்றார். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விண்ணப்பத்துக்கு முன்னால் ஊர் முழுக்க ஒரு பொருளைப் பார்த்துவிட்டால், அது புதுசு என்று சொல்ல முடியாதாம். காட்டியது நாமே ஆனாலும் அப்படித்தானாம். ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமை, ஒரு கை பொரியோடு போனதே என்று நினைத்தேன்.

மேடம் அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கழுத்துக்குள் இருக்கிற பல்தான் எங்கள் கண்டுபிடிப்பு, கழுத்து முழுக்க மாலை. ஒவ்வொரு தடவை தேவராஜ் கை கிட்டே போகும்போதும் மாலை விலகிவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது ஆடக்கூட இல்லை. கற்பூரம் அணைந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தோம், அது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு மேடம் நாற்காலியைத் திருப்பினார், முகத்தில் சிரிப்பு. "இதுல இன்வென்ஷன் எங்கேயும் தெரியலை புஷ்பா, சாமந்திப் பூதான் தெரியுது, நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி கையெழுத்தைப் போடுங்க."

பேரலுக்கு வைத்த பேர்

விண்ணப்பத்தின் நகல் தபாலில் வந்தது. கஸ்தூரியின் தம்பி மனைவி வக்கீலிடம் வேலை பார்க்கிறவள், அவளை வைத்துத் தமிழில் சொல்லச் சொன்னோம். பேரல் என்ற வார்த்தையே அதில் இல்லை. 'உருளை வடிவக் கொள்கலன்' என்று இருந்தது. வண்டி, 'சக்கரங்கள் பொருத்தப்பட்ட தாங்கும் அமைப்பு.' பல், 'எடையைப் பொறுத்து இடம்பெயரும் பற்றுறுப்பு.' தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு பதினாறு பக்கத்தையும் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் கீது, இதுல நான் செஞ்சது எங்கமே கீது?"

மடப்பள்ளி

விண்ணப்பம் போட்டாச்சு, இனி தைரியமாகக் காட்டலாம் என்று திருவள்ளூரில் நடந்த சிறுதொழில் கண்காட்சியில் ஒரு மூலையில் ஸ்டால் போட்டோம். வந்த கூட்டத்தில் பாதி பேர் பேரலையே பார்த்ததில்லை. ஒருத்தர் இதில் மாமியாரைத் தூக்கலாமா என்று கேட்டார். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், மேற்கொண்டு நடந்தது எனக்குத் தெரியாது.

மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் திருமண், கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். லீவரை இழுத்தார், விட்டார். குனிந்து கழுத்துக்குள் எட்டிப் பார்த்து, "கனம் ஏற ஏறப் புடிக்கறதா? யாருக்குத் தோணித்து?" என்று கேட்டார். எனக்கு என்றேன். அன்று முழுக்க அப்படி ஒரு கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. புளியோதரை அண்டா தூக்க இதே மாதிரி ஒன்று, சின்னதாக, துரு ஏறாத ஸ்டீலில் வேண்டும் என்றார். சாயாமல் தூக்க வேண்டுமா, சாய்த்துத் தூக்கலாமா என்று நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். "சாஞ்சுதுன்னா பெருமாளுக்கு முன்னாடி தரைக்கு நைவேத்யம் ஆயிடுமேம்மா!"

அத்திப்பட்டிலிருந்து ஒரு போன்

மெதுவாக ஆர்டர் வர ஆரம்பித்த சமயம். அத்திப்பட்டுப் பக்கம் ஆயில் பேரல் வைத்திருக்கும் ஒரு குடோனிலிருந்து போன். பேசியவர் ஸ்டோர் கீப்பர் நாகலிங்கம். எடுத்த எடுப்பில் திட்டுதான். "இன்னாம்மா வண்டி செஞ்சிக்கிறீங்க? பேரலை வழியிலயே வுட்டுடுச்சி, குடோன் பூரா ஆயிலு, ஒரே பேஜாரு!" யாருக்கும் அடிபடவில்லையே என்று கேட்டேன். நல்ல வேளை, இல்லை என்றார். நாங்கள் அத்திப்பட்டுக்கு வண்டியே அனுப்பவில்லை என்றேன். "வீடியோவுல பார்த்துத்தாம்மா வாங்கினேன், டீலரு காட்டினாரு, ஒங்க மூஞ்சிகூட அதுல கீது, அத்த காட்டி விசாரிச்சுத்தான் ஒங்க நம்பர புடிச்சேன்" என்றார்.

நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ஓடினேன். பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் குழப்பம். எங்கள் வண்டிதான். அதே உயரம், அதே சக்கரம், அதே நீலம். கழுத்துக்குள் கை விட்டேன். வழவழவென்று இருந்தது, பல்லே இல்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் கோபத்துக்கு நடுவிலும் இரண்டு விஷயம் புரியவில்லை. முன்தகட்டில் மூன்று வெள்ளைக் கோடு பெயின்ட் அடித்திருந்தார்கள். லீவர் நுனியில் உருண்டையாக ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு. எங்கள் வண்டியில் கோடும் கிடையாது, குண்டும் கிடையாது. அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்தவன், இதை மட்டும் எதற்குச் சொந்தமாக யோசித்தான்?

நாலா பக்கமும் போட்டோ எடுத்து வந்து தேவராஜிடம் காட்டினேன். அவர் வெள்ளைக் கோட்டைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். மஞ்சள் குண்டைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். யேசுபாதம் அண்ணன் எடுத்த வீடியோ கை மாறிக் கை மாறி மங்கி எந்த ஊருக்குப் போனதோ, அதை வைத்து எவன் வரைந்தானோ. தேவராஜ் போனைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், எனக்கு அழுவதா அடிப்பதா என்று இருந்தது. "நம்ம விபூதிமே அது! குண்டு இன்னா குண்டு, நான் குத்தி வெச்ச எலுமிச்சம்பழம்மே!"

நம்பர்

மேடத்துக்குப் போன் போட்டு, கேஸ் போடுங்கள், அவனை உள்ளே தள்ளுங்கள் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் மட்டும், "இருங்க, இருங்க, மறுபடி சொல்லுங்க" என்றார். அப்புறம் நிலைமையைச் சொன்னார். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம், பேட்டன்ட் கைக்கு வந்தால்தான் கோர்ட் வாசல் ஏற முடியுமாம், அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று அவராலும் சொல்ல முடியாதாம். அது வரைக்கும் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "இப்போதைக்கு உங்க கையில இருக்கறது ஒரு அப்ளிகேஷன் நம்பர்தான் புஷ்பா, எது உங்க வண்டின்னு கஸ்டமருக்கு நீங்களேதான் புரிய வைக்கணும்."

எது ஒரிஜினல்

சும்மா இருந்தால் பேரல் நழுவுகிற வண்டி எங்கள் பேரில் ஊர் சுற்றும். நாளைக்கு எவள் காலிலாவது விழுந்தால் பழி எனக்கு. எங்கள் வண்டி ஒன்றைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு நானும் தேவராஜும் அத்திப்பட்டுக்குப் போனோம். நாகலிங்கம் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். லீவர் நுனியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இதாம்மா டூப்ளிகேட்டு" என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. அவர் போனை எடுத்து அந்தப் பூஜை வீடியோவைப் போட்டு, "பாரு, மஞ்ச குண்டு கீதா? ஒங்க வண்டில கீதா? ஒங்க வீடியோவையே நம்பாம வேற இன்னாத்த நம்பறது?" என்று கேட்டார். அது எலுமிச்சம்பழம் என்றேன். "போம்மா, லீவருக்கு யாராச்சும் பழம் குத்துவாங்களா?" என்றார். லோடு ஏற்றுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். நான் செய்த பொருளுக்கு முன்னாலேயே நான் திருடி ஆகிவிட்டேன். அவமானத்தில் உடம்பு எரிந்தது.

பேசிப் பிரயோஜனமில்லை என்று புரிந்தது. இரண்டு வண்டியிலும் நிறைந்த பேரல் ஒவ்வொன்று மாட்டச் சொன்னேன். தரையிலிருந்து நாலு விரக்கடை தூக்கச் சொன்னேன். அப்புறம் ஷூவைக் கழற்றினேன். இடது காலை, அந்த நகமில்லாத கட்டைவிரலோடு, எங்கள் வண்டிப் பேரலுக்கு அடியில் வைத்தேன். "வேணாம்மே, எடும்மே!" என்று கத்தினார் தேவராஜ். அந்தப் பல்லைச் செய்ததே அவர்தான், அவரே கத்துகிறார் என்றதும் எனக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் காலை எடுக்கவில்லை. நூறு வரை எண்ணினேன். பேரல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. எண்பதிலோ எண்பத்தைந்திலோ பக்கத்து வண்டியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது, மஞ்சள் குண்டு வண்டியின் பேரல் ஒரு விரக்கடை சறுக்கி நின்றது. சிரித்தவர்கள் எல்லாரும் தானாகவே இரண்டடி பின்னால் போனார்கள்.

காலை எடுத்து ஷூவைப் போட்டுக்கொண்டு, "அந்த வண்டிக்கு அடியில இப்ப நீங்க கால வைங்க சார், வெச்சிட்டா அது ஒரிஜினல்னு நானே எழுதிக் குடுக்கறேன்" என்றேன். நாகலிங்கம் அந்தப் பேரலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், கடைசியாக என் காலைப் பார்த்தார். வண்டி நாலு வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். நான் ஆர்டர் எழுத நோட்டை எடுத்தபோது, அந்த டூப்ளிகேட் வண்டியின் லீவரைக் கையால் ஒரு முறை தடவினார். "ஒங்களுதுதாம்மா ஒரிஜினலு, ஒத்துக்கிறேன், ஆனா அந்த மஞ்ச குண்ட மட்டும் மாட்டிக் குடுத்துடு, இழுக்கறப்போ கைக்கு சொகமா கீது."

அதனால் இப்போது எங்கள் வண்டி ஒவ்வொன்றிலும் லீவர் நுனியில் ஒரு மஞ்சள் குண்டு இருக்கிறது. எங்களிடமிருந்து எல்லாவற்றையும் திருடியவனிடமிருந்து நாங்கள் திருடிய ஒரே பொருள் அதுதான், அதுவும் எங்கள் வீட்டு எலுமிச்சம்பழம்.